முதல் நாள் இரவே முடித்து வைக்கும் இனிப்புகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், காற்று சற்றே குளிர்ந்துவிடும். அந்த நேரத்தை எதிர்பார்த்தே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்தாறு தோழிகள் என் வீட்டில் கூடுகிறோம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் என்னோடு ஒன்றாக வளர்ந்தவர்கள் இருவர், ஈப்போவிலிருந்து காரோட்டிக்கொண்டு வருபவர் ஒருவர், நான் வேலை செய்யும் தோட்ட அலுவலகத்திலேயே கணக்கெழுதும் மலாய்த் தோழி ஒருவர், எதிர்வீட்டில் குடியிருக்கும் சீன ஆசிரியை ஒருவர். பலகாரங்களை அவரவர் கொண்டுவந்துவிடுவார்கள். இனிப்பு மட்டும் என் பொறுப்பு.

முதன்முறை கூடியபோது பால் பாயசம் வைத்தேன். பால் அடிப்பிடிக்காமல் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகர முடியவில்லை. கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது, பிறகு ஒரு நீண்ட அமைதி வந்தது, அதன்பின் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டம்ளர்களை ஏந்திக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஈப்போத் தோழி தன் தாயாரின் கடைசி நாள்களைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். "அதெல்லாம் சொல்லியாச்சு, நீ முதல்ல வந்து உட்காரு" என்று அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். பாயசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் என் அடுப்பின்மேல் ஒரு சட்டியும் இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த முடிவுக்கு அகார் அகாரைப் போல இசைந்து வரும் பண்டம் வேறொன்றை நான் காணவில்லை. சிவப்புப் பாசி இனங்களிலிருந்து எடுக்கப்படும் இப்பொருளுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயரே மலாய் மொழி தந்ததுதான். கொதிக்கும் நீரில்தான் அது முழுமையாகக் கரையும். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குளிர்சாதனப் பெட்டியின் உதவி இல்லாமலேயே இறுகிவிடும். ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகுவதற்கு ஏறத்தாழ 85 டிகிரி சூடு வேண்டும். ஆகவே நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் இரண்டு மணி நேரம் வைத்தாலும் அது உருகாது.

இதன் அருமையை ஒரு மின்தடை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அன்று மாம்பழக் கூழில் ஜெலட்டின் சேர்த்து ஒரு புட்டிங்கும், பழக்கத்தை விடாமல் ஒரு தட்டு அகார் அகாரும் செய்து வைத்திருந்தேன். மழையோடு மின்சாரம் போய், மூன்று மணி நேரம் வரவேயில்லை. ஜெலட்டின் நம் உடல் சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் என்பதால், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் எடுத்து வைத்த புட்டிங் கிண்ணத்தில் குழம்பாகக் கிடந்தது. அகார் அகாரின் விளிம்புகளோ கத்தியால் வெட்டிய வடிவம் மாறாமல் இருந்தன. இந்தக் குணத்தினாலேயே அகார் ஆய்வுக்கூடத்துக்கும் போனது. 1881இல் ஜெர்மனியில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, கிருமிகளை வளர்க்கும் ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிப்போவதால் தவித்தபோது, அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸே தம் சமையலில் பயன்படுத்திய அகாரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். நம் பக்கத்து அடுக்களைப் பொருள் ஒன்று அப்படித்தான் உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இடம்பிடித்தது என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. என் மேசையைச் சுற்றி அமர்பவர்களில் ஒருவர் ஹலால் அல்லாததைத் தொடமாட்டார். இருவர் மாட்டிறைச்சி சார்ந்த எதையும் சேர்க்கமாட்டார்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்களில் பாதிப் பேர் சைவம். ஒரே தட்டிலிருந்து எல்லாரும் கேள்வி கேட்காமல் எடுத்துண்ணும் இனிப்பு என்றால், கடலில் விளைந்த இந்தப் பாசியைத்தான் நம்ப முடிகிறது.

நான் பெரும்பாலும் செய்வது குலா மலாக்கா என்னும் தென்னங்கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இரண்டடுக்கு அகார் அகார். அடி அடுக்குக்கு அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அகார் தூளைக் கலந்து, மணத்துக்காக முடிச்சுப் போட்ட இரண்டு பாண்டான் இலைகளோடு கொதிக்கவிட்டு, தூள் கரைந்தபின் 150 கிராம் குலா மலாக்காவைச் சீவிப் போடுகிறேன். தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாய்களில் ஊற்றி இறுகவைப்பது பழைய முறை என்பதால் நல்ல குலா மலாக்காவில் தூசியும் நாரும் இருக்கத்தான் செய்யும். கட்டாயம் வடிகட்ட வேண்டும். வடிகட்டியின் வலையில் மூங்கில் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், வாங்கியது வெள்ளைச் சீனியைக் காய்ச்சி நிறமேற்றிய கட்டியாக இராது என்று எனக்கு மனம் நிறைகிறது. புகை மணம் கலந்த இனிப்பு அடுக்களை முழுவதும் பரவும்போதே அது தெரிந்துவிடும்.

மேல் அடுக்குக்கு 5 கிராம் தூளைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, தீயைக் குறைத்து, கால் லிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலும், மூன்று மேசைக்கரண்டி சீனியும், கால் தேக்கரண்டி உப்பும் சேர்க்க வேண்டும். உப்பைக் குறைக்காதீர்கள்; தேங்காய்ப்பாலின் சுவையை எழுப்புவது அதுதான். பால் சேர்ந்தபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்; ஓரத்தில் ஆவி எழுந்தால் போதும்.

இதில் கைப்பக்குவம் முழுவதும் இரண்டாம் அடுக்கை ஊற்றும் நேரத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் அடி அடுக்கு முற்றிலும் குளிர்ந்தபின் மேலே ஊற்றினேன். மறுநாள் வெட்டியபோது வெள்ளைத் துண்டுகள் தனியாகவும் பழுப்புத் துண்டுகள் தனியாகவும் நழுவின. இப்போது விரல் நுனியை மேலே வைத்துப் பார்க்கிறேன். விரலில் ஒட்டும், ஆனால் விரல் உள்ளே இறங்காது. தட்டைச் சாய்த்தால் நடு மட்டும் மெல்ல அசையும். உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். அந்தக் கணத்தில் முள்கரண்டியால் மேற்பரப்பை லேசாகக் கீறிவிட்டு, சூடான தேங்காய்ப்பால் கலவையை ஒரு கரண்டியின் முதுகின்மேல் விழச்செய்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தட்டை மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உறையும் பகுதியில் வைத்துவிட்டால் நீர் பிரிந்து பஞ்சுபோலாகிவிடும்.

அன்னாசி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களை அகாரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் இறுகும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. பழத்தைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின் சேர்ப்பதே சரி. வேகவைக்காத அன்னாசி ஜெலட்டினை இறுகவே விடாது. அகாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

வெந்த சவ்வரிசிமேல் குலா மலாக்காப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றித் தரும் சவ்வரிசி குலா மலாக்காவும் விருந்துக்கு ஏற்றதுதான். ஆனால் அதை முதல் நாள் செய்யாதீர்கள். இரவு முழுவதும் குளிரில் இருந்தால் மாவுச்சத்து இறுகி, முத்துகள் நடுவில் கடினமாகிவிடும். சனிக்கிழமை நண்பகலில், கொதிக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சவ்வரிசியைத் தூவிக் கிளறி, நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் எஞ்சும்போது அடுப்பை அணைத்து மூடிவிட்டால் அந்தப் புள்ளியும் தானே மறையும். பச்சைத் தண்ணீரில் அலசிச் சிறு கிண்ணங்களில் நிரப்பிவிடலாம். தமிழ்நாட்டில் சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்யப்படுவது. நம் நாட்டில் சரவாக்கின் மூக்கா வட்டாரம் சவ்வரிசிக்கு மாவு தரும் சேகோப் பனைக்குப் பெயர் பெற்றது. இரண்டும் ஒரே அளவு நேரத்தில் வேகாது என்பதால் கடிகாரத்தைவிட முத்தின் நிறத்தைப் பார்ப்பதே நல்லது. பாகை முதல் நாளே காய்ச்சி வைக்கலாம். பிழிந்த தேங்காய்ப்பாலை மட்டும் அன்றன்றே பிழிந்து, உப்பிட்டு, பரிமாறும்வரை குளிரில் வைக்க வேண்டும். நம் வெயிலில் அது சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.

பிள்ளைகளும் உடன் வருவதாகத் தெரிந்தால் அவனில் சுடாத பிஸ்கட் கேக்கான கேக் பாத்தேக் செய்கிறேன். 200 கிராம் வெண்ணெயை உருக்கி, ஒன்றரைக் கப் மைலோ சாக்லேட் பானத் தூளும், அரைக் கப் இனிப்பான டின் பாலும் (கண்டென்ஸ்டு மில்க்), அரைக் கப் தண்ணீரும் கலந்து கெட்டியாகும்வரை கிளறி, உடைத்த மேரி பிஸ்கட் 300 கிராமை அதில் புரட்டி, ஒரு தட்டில் அழுத்தி இரவு முழுவதும் குளிரவைத்தால் போதும். வழக்கமான செய்முறையில் முட்டை சேரும். சைவ நாள்களுக்காக நான் அதை விட்டுவிட்டேன், சுவையில் குறையொன்றும் தெரியவில்லை. பிஸ்கட்டை மிகச் சிறிதாக நொறுக்கிவிடாமல், ஒவ்வொன்றையும் நான்காக உடைத்தால்தான் வெட்டும்போது அந்த அழகிய கோலம் தெரியும்.

கேசரியும் சேமியாப் பாயசமும் முன்கூட்டிச் செய்யத் தக்கவையல்ல என்பது என் கருத்து. கேசரி குளிர்ந்தால் நெய் உறைந்து நாக்கில் ஒட்டும். சேமியா பால் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். அவற்றைத் தீபாவளிக் காலையில் சுடச்சுட உண்பதே அவற்றுக்கு மரியாதை.

அகார் அகாரை மதியமே சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, தட்டோடு மூடி வைத்துவிடுகிறேன். ஆறு மணிக்கு முதல் கார் வரும்போது குளித்து முடித்து வாசலில் நிற்க முடிகிறது. கூட்டம் கலையும்போது மீதமுள்ளதை ஒரே அடுக்காக டப்பாக்களில் பரப்பிக் கொடுத்து, தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதால் இரவே குளிரில் வைத்து மறுநாள் மதியத்துக்குள் உண்டுவிடச் சொல்கிறேன். எதிர்வீட்டு ஆசிரியைக்கு மட்டும் டப்பா தேவையில்லை. பீங்கான் தட்டிலேயே வைத்துக் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தட்டு அவர் தோட்டத்து வாழைப்பழத்தோடோ, அவர் ஆவியில் வேகவைத்த பாவ் என்னும் சீன ரொட்டியோடோ எங்கள் வாசலுக்குத் திரும்பி வரும்.