லயத்து வீட்டுச் சண்டையைக் கதையாக்குகிறவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் மாதிரி தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பட்டணத்தை வைத்து எழுதப்படும் குடும்பக் கதைகளில் கணவன் சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான். அடிக்கிறான், அவள் அழுகிறாள், பக்கத்து வீட்டுப் பாட்டி புத்தி சொல்கிறாள். குடி எல்லா மாதமும் இருக்கிறது. இந்த மாதம் ஏன் வெடித்தது என்பதற்குக் கதையில் பதில் வேண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் ஒரு தாளில் இருக்கும், அந்தத் தாளில் ஒரு தேதியும் இருக்கும்.

முதல் தாள் வீட்டைப் பற்றி வரும் கடிதம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு வேலையோடு ஒட்டியது. யார் பேரில் வேலையோ அவர் பேரில்தான் வீடு. கணவன் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான், மனைவி குலிம் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள் என்று வையுங்கள். அவள் சம்பளம் கூடுதலாக இருந்தாலும் பிரிவு வந்தால் மூட்டை கட்டுவது அவள்தான். வீடு மாமனார் பேரில் இருந்தால் இன்னும் நல்லது (கதைக்கு). தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து 60. அவருக்கு 59 ஆகும்போதே மாமியாரின் குத்தல் பேச்சு ஆரம்பமாகிவிடும். மகன் தோட்ட வேலைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் மருமகள் பட்டணத்தில் வாடகை வீடு பார்த்துத் தரவேண்டும். இதைச் சொல்லிவிட்டால் அவரைக் கொடுமைக்காரியாக வரையவே வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். இன்றைய கதையில் பால்மரம் (ரப்பர்) சீவப் போகும் இளம் மருமகள் அபூர்வம். சுற்றிலும் செம்பனை, குலை வெட்டுவதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். 1980களில் நடக்கும் கதையென்றால் மழை நாளில் சீவ முடியாது, இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும், கடைக்கடன் ஏறும். சண்டையை அங்கே வைக்கலாம். இன்றைக்கு அந்த இடத்தைப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பிடித்துக்கொண்டது. அவள் இரவு, அவன் பகல் என்றால் இருவரும் பேசிக்கொள்வது வாசற்படியில் செருப்பு மாட்டும் நேரம்தான்.

அடுத்தது அடகுச் சீட்டு. இதில் தவறு செய்கிறவர்கள் நிறைய. பதிவு பெற்ற அடகுக்கடையில் வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை உண்டு; 1972ஆம் ஆண்டுச் சட்டம் அது. தாலிக்கொடியை 3,000 ரிங்கிட்டுக்கு வைத்தால் மாதம் 60, ஆறு மாதத்தில் 360. மொத்தம் 3,360 புரட்ட முடியாமல் தவிப்பவளை எழுத வேண்டுமே தவிர, அடகுக்கடைக்காரரை வில்லனாக்கக் கூடாது. வாசல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவது ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன். ஆலோங் வந்தால் லயமே வேடிக்கை பார்க்கும். அடகுச் சீட்டோ அரிசி டின்னுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆறாவது மாதம் நாத்தனார் கல்யாணத்தில் வந்து விழும்படி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கயிற்றோடு அவள் மண்டபத்துக்குள் நுழையும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டுப் பணம், அதாவது பலர் சேர்ந்து மாதாமாதம் போட்டு முறைவைத்து எடுக்கும் பணம், வேறு வகை. கூட்டு நடத்துவதை 1971லேயே சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் பணத்தோடு கூட்டுத் தலைவி காணாமல் போனால், ஏமாந்தவள் போலீசுக்குப் போகவும் தயங்குவாள், புருஷனிடம் சொல்லவும் பயப்படுவாள். இந்த இரட்டைப் பூட்டுக்கே ஒரு தனிக் கதை தாங்கும்.

விவாகரத்தை எழுதும்போதுதான் அவசரம் அதிகம். ஒரு பத்தியில் வக்கீல், அடுத்த பத்தியில் விடுதலை. முஸ்லிம் அல்லாதவர்களின் மண வாழ்வை ஆளும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. அதன்படி, விதிவிலக்கான துன்பம் இருந்தாலொழிய, கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடியாமல் மனுவே போட முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு. ஒருவர் மட்டும் கேட்டால், சில விலக்குகள் தவிர, முதலில் கல்யாணங்களைப் பதியும் பதிவிலாகாவின் சமரசக் குழு. அதற்கு ஆறு மாதம் வரை அவகாசம். முடியவில்லை என்று குழு சான்றிதழ் தந்த பிறகே உயர் நீதிமன்றம். அங்கே இடைக்காலத் தீர்ப்பு கிடைத்தும் அது முழுமையாக மூன்று மாதம் ஆகும்.

அந்தச் சமரச அறையைத் தவறவிடாதீர்கள். அங்கே வக்கீல் ஆஜராக முடியாது. குடும்பத்தினர் பேசலாம். ஆக, அவளோடு யார் போகிறார்கள் என்பதே கதை. நன்றாக மலாய் பேசும் அண்ணனா, ‘விட்டுக்கொடுத்துப் போம்மா’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத பெரியப்பாவா? வீட்டில் தமிழில்கூட வாய்விட்டுச் சொல்லாததை அதிகாரி முன்னால் மலாயில் சொல்ல வேண்டி வந்தால் அவள் எந்தச் சொல்லில் தடுக்குவாள்?

இன்னொரு இடமும் இருக்கிறது. முதலில் சட்டப்படி கல்யாணப் பதிவு, பல மாதம் கழித்துக் கோயிலில் தாலி என்று செய்யும் ஜோடிகள் ஏராளம். இடையில் முறிந்தால், லயத்துக்கு அவள் கல்யாணமாகாத பெண், சட்டத்துக்கு மனைவி. மாப்பிள்ளை பார்க்கும் அம்மாவிடம், மகளுக்கு முதலில் விவாகரத்து மனு தேவை என்று யார் சொல்வது?

அடி விழும் கதையென்றால் ‘போலீஸ் கைவிரித்துவிட்டது’ என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2018 முதல் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். ஏழு நாள் செல்லும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15999. எட்டாம் நாள் அவள் எங்கே தூங்குவாள் என்று கேட்டுக்கொண்டால் கதை நகரும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இப்போது சகஜம், மாமியார் முன்னால் மட்டும் அவன் ‘இவங்க’ ஆகிவிடுவான். சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை, ‘நம்ம ஆளுங்களா?’ என்பார்கள். கடிதம் என்று எவரும் சொல்வதில்லை. “சூராட் வந்திருக்காமே, யாருக்கு?”

1,500 சொல் கதை இரண்டு தாளுக்கு மேல் தாங்காது. வீட்டுக் கடிதமும் அடகுச் சீட்டும் சேரும். அதோடு சமரச அறையையும் திணித்தால் எல்லாம் தகவலாகிவிடும். முடிவைத் தீர்ப்பு நாளில் வைக்காமல் அந்த மூன்று மாதக் காத்திருப்புக்குள் வைத்துப் பாருங்கள். அப்போது இருவரும் சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான், மறுமணம் செய்ய முடியாது. மாமியார் அதற்குள் அடுத்த பெண்ணின் ஜாதகத்தை வாங்கி வைத்திருப்பார்.