‘ஸ்டில்’ மட்டும் இன்னும் மசியவில்லை

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவருடைய பழைய ஆங்கிலத்திலேயே படித்து வருகிறேன்; ‘தி டெம்பெஸ்ட்’ ஒருவழியாக முடிந்தது. சொற்பொருள் தரும் அடிக்குறிப்பைத் தாளால் மறைத்துக்கொண்டே கடைசி வரை வந்துவிட்டேன், தடுக்கிய இடங்கள் குறைவுதான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஹாம்லெட்’டைத் திரும்ப எடுத்ததும் பழைய தலைவலி வந்துவிட்டது.

பார்த்ததும் மிரட்டும் சொற்களால் தொல்லை இல்லை. ஃபார்டெல் என்றால் மூட்டை, பாட்கின் என்றால் குறுவாள். தெரியாது என்பது உடனே தெரிந்துவிடும், அகராதியைப் புரட்டுவோம், ஒட்டிக்கொள்ளும். கழுத்தறுப்பவை, இன்று தினமும் புழங்கினாலும் அன்று வேறு பொருள் தந்த சொற்கள்தான்.

அவற்றிலும் சில தாமாகவே மாட்டிக்கொள்ளும். ஆவியின் பின்னால் போகவிடாமல் இழுத்துப் பிடிப்பவர்களிடம், என்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் சீறுகிறான். போகவிடுபவனை எதற்குக் கொல்ல வேண்டும்? இடிக்கிறது. அதனாலேயே, தடுப்பது என்ற பொருள் மனதில் நின்றுவிடுகிறது. (நம் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் இருக்கும் வாசகத்தில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று வருவதும் இதே லெட்தான்.) டெம்பெஸ்டில் ஏவல் பூதமான ஏரியல் ‘பிரசன்ட்லி?’ (இன்று ‘சற்று நேரத்தில்’) என்று கேட்டால், ஆமாம், கண்ணிமைக்கும் நேரத்தில் என்கிறான் அதன் எஜமானன் பிராஸ்பரோ. உடனடியாக என்ற பொருள் பதிலிலேயே கிடைத்துவிடுகிறது.

‘ஸ்டில்’ இப்படி எங்கும் இடிப்பதில்லை. பல இடங்களில் அதற்கு ‘எப்போதும்’ என்று பொருள். ‘ஹாம்லெட்’டில், நீ எப்போதுமே நல்ல செய்திக்குத் தகப்பன் என்று தன் ஆலோசகன் பொலோனியஸிடம் அரசன் சொல்கிறான். அதை ‘இன்னும்’ என்று படித்தாலும் வரி பாட்டுக்கு ஓடிவிடுகிறது. சில இடங்களில் நிஜமாகவே இன்றைய பொருளும் உண்டு என்பதுதான் கொடுமை.

இதற்காகவே ஆங்கி (கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனதில் பதியவைக்கும் செயலி) அட்டைகளைக் கலைத்துப் போட்டேன். முன்பக்கம் ஒற்றைச் சொல்லை வைப்பது வீண் என்று அட்டை போட்டுப் படிக்கும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு வரியை வைத்தாலும் வரிதான் மனப்பாடம் ஆகிறது, சொல் நழுவிவிடுகிறது. இப்போது ஒரே சொல்லுக்குப் பல நாடகங்களிலிருந்து வரிகள், பழைய பொருளும் புதிய பொருளும் கலந்து. கேள்வி ஒன்றுதான்: இதுவா, அதுவா?

‘டவுட்’டுக்கு அவ்வளவு அலைய வேண்டியிருக்கவில்லை. ஹாம்லெட் தன் காதலி ஒஃபீலியாவுக்கு எழுதிய நாலு வரியே போதும். நட்சத்திரங்கள் நெருப்பு என்பதை வேண்டுமானால் நம்பாதே, சூரியன் நகர்வதை நம்பாதே என்று போகும். மூன்றாம் வரியில் அதே சொல், உண்மையே பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்படு என்று குட்டிக்கரணம் அடிக்கும். நாலாவதில், என் காதலை மட்டும் நம்பாமல் இருக்காதே என்று பழையபடி திரும்பிவிடும். அந்த மூன்றாம் வரியைத் தனி அட்டையாக வெட்டிவிட்டேன். அருமையாக வேலை செய்கிறது.

வரிகளைத் திரட்ட அலெக்சாண்டர் ஷ்மிட்டின் லெக்சிகனை, அதாவது ஷேக்ஸ்பியர் சொல்லகராதியை, அடித்துக்கொள்ள ஆளில்லை. 1874–75இல் வந்தது, பொருள்வாரியாகப் பிரித்து, அங்கம், காட்சி, வரி எண்ணோடு தந்திருப்பார். உரைநடைக் காட்சிகளில் மட்டும் அவருடைய எண் இன்றைய பதிப்புகளோடு ஒத்துப்போகாது, மேலும் கீழும் துழாவ வேண்டும். டோவர் பதிப்பகத்தின் மறுபதிப்பு பழைய புத்தகக் கடையில் சல்லிசாகக் கிடைத்தது, ஆனால் முதல் தொகுதி மட்டும். அது ‘எம்’ எழுத்தோடு நின்றுவிடும்! ஆகவே ‘ஸ்டில்’லுக்கு, அதே லெக்சிகன் இணையத்தில் இருக்கும் பெர்சியஸ் தளமே கதி. இரண்டாம் தொகுதி தனியாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தயார் அட்டைக்கட்டு ஒன்றையும் இறக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி ஃபார்டெல் ரகம். அழித்துவிட்டேன்.

அப்புறம், ஷேக்ஸ்பியர் காலத்தவரான பென் ஜான்சனின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ மேல் கண் விழுந்திருக்கிறது. 1610ஆம் ஆண்டு நாடகம், ரசவாதிகளின் கலைச்சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அலுடெல், போல்ட்ஸ்-ஹெட் எல்லாம் குடுவை வகைகள். பெலிகன்கூட அங்கே பறவை இல்லை, காய்ச்சி வடிக்கும் பாத்திரம். ஹாம்லெட் பாதியில் நிற்கிறது, தெரியும். இருந்தாலும் முதல் அங்கத்துக்கு அட்டை போட ஆரம்பித்துவிட்டேன்.