செகண்ட்ஹேண்ட் டீசல் குட்டி எஸ்யூவி: வாங்குவதற்கு முன் ஒரு காலைப் பொழுது

மதுரையில் பழைய டீசல் எஸ்யூவி பார்க்கப் போவதென்றால் விடிகாலையில் போங்கள். கார் கன்சல்டிங்காரர் "பத்து மணிக்கு வாங்க சார், வாட்டர் வாஷ் பண்ணி வைக்கிறேன்" என்பார். வாஷும் வேண்டாம், ஸ்டார்ட்டும் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். குளோ பிளக் (குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்புவது), இன்ஜெக்டர் (டீசலைத் தெளிப்பது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) கோளாறெல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளியே தெரியும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். செங்கல் கரைத்த மாதிரி இருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வீட்டு ஹீட்டர் காயிலில் படிவதுபோலவே ரேடியேட்டர் குழாய்களிலும் படியும், எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். சித்திரை வெயிலில் ஏசி போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு நம்மூர் கைவைத்தியம் ஒன்று உண்டு: எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது. முள் இறங்கிவிடும், வண்டி சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் எஞ்சின் அதன் பிறகு உரிய சூட்டுக்கு வரவே வராது. மைலேஜ் குறையும், கரி கூடும்.

அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் குறைவாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசலில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற நெக்ஸான், எக்ஸ்யூவி300, வென்யூ, சோனெட் போன்றவற்றில், ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, வண்டி நின்று நின்று போகாமல் பதினைந்து இருபது நிமிடமாவது ஒரே சீராக ஓட வேண்டும். ஊருக்குள் மாட்டுத்தாவணி, பெரியார் பஸ் ஸ்டாண்டுகளுக்கு இடையிலேயே ஓடிய வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எரிக்கும் வேலை பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மட்டம் ஏறும், வழவழப்புக் குறையும், முதலில் அடிவாங்குவது டர்போ. "டவுனுக்குள்ளேயே ஓடுன வண்டி சார், முப்பதாயிரம்தான்" என்ற பேச்சை இந்த டீசல்களில் நான் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஓடி ஒரு லட்சம் கிலோமீட்டர் காட்டும் வண்டி அதைவிட மேல்.

இப்போது ஸ்டார்ட் பண்ணலாம். லேசான வெண்புகை சில நொடிகளில் அடங்கினால் கவலையில்லை. அடங்காமல் எஞ்சின் குலுங்கினால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ சந்தேகப்படலாம். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்க நத்தம் ரோடு பறக்கும் பாலம் நல்ல இடம். 7.3 கிலோமீட்டர், நடுவில் சிக்னல் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இடம்) சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகி, பக்கத்து சீட்டில் இருப்பவரை மொபைலில் கூலன்ட் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபதில் சீராகப் போய்த் திரும்பும்போது 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 65-லேயே தவித்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இறங்கியதும் சின்னச் சின்ன வேகத்தடைகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். முன்பக்கம் "டக் டக்" என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட், சில்லறைச் செலவு. பிரேக் பிடிக்கும்போது ஒரு "தொப்" கேட்டால் அதே சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர். கிளட்சுக்கு ஒரே சோதனை போதும்: சமதரையில் ஹேண்ட்பிரேக் இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் இரைந்தால் பிளேட் முடிந்தது. இரண்டாவது தடவை செய்து பார்க்காதீர்கள், இருப்பதும் எரியும்.

டைமிங் விஷயத்தில், அதாவது வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் செயின் அல்லது பெல்ட் விஷயத்தில், மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். பிரெஸ்ஸாவின் பழைய 1.3 டீசலில் செயின். குளிர்ந்த ஸ்டார்ட்டில் கரகரவென்று இரைகிறதா என்று கேட்டால் போதும். ஈகோஸ்போர்ட் 1.5 டீசலில் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டையே இறக்க வேண்டிவரும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், ஓனர் வாய்வார்த்தையை விட்டுவிட்டு, மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள்.

டிஎன்-69, டிஎன்-72 வண்டிகளில் இன்னொரு வேலை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ஏகப்பட்ட வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றுக்கோடு தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். இப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வயரிங் கோளாறு வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

பேப்பர் வேலை இதைவிட எளிது. ஃபார்ம் 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு. லோன் இருந்த வண்டியென்றால் ஃபார்ம் 35-ம் பேங்க் என்ஓசியும் வாங்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள். பிஒய் (புதுச்சேரி) நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். இங்கே பதிவு மாற்றும்போது கட்டும் வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்ட வேண்டிவரலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை அவர் மூடிவிட்டாரா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் கப்பலூர் டோல்கேட்டை நீங்கள் தாண்டும்போதெல்லாம் காசு அவர் கணக்கிலிருந்து போகும், அவர் உங்களுக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பார்.