பிள்ளை, ஐயா என்ன சொன்னவர்?

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டபோது நம் பாடசாலை விவாத அணியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் மனம் சட்டபீடத்துக்குப் போய்விடுகிறது, இரண்டாம் வருடத்தில் எங்களைக் கீழ்நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிய அந்த மூன்று வாரங்களுக்கு. சரி, அதையே எழுதுகிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நீதிமன்றம் என்றால் நம் விவாத மேடைதான், கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தவள் நான்.

முதல் நாள் நீதவான் நீதிமன்றம். வாசலில் தலைவணங்கி உள்ளே போய், பின்வாங்கில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கால்மேல் கால் போட்டிருந்த சிநேகிதியிடம் ஓர் உத்தியோகத்தர் வந்து ஒன்றும் பேசாமல் முழங்காலைக் காட்டிவிட்டுப் போனார். நீதவான் வந்ததும் எல்லோரும் எழும்பி நின்றோம். அப்புறம் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். வழக்கிலக்கம், பெயர், மறுபடி பெயர், பிறகு வாசல்வரை போய் வெளியே பார்த்து உரத்த குரலில் இன்னொரு தடவை. யாரோ ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து எதிரிக்கூண்டில் ஏறுவார், சட்டத்தரணி எழும்பி இரண்டு வசனம் சொல்லுவார், நீதவான் குனிந்து எழுதுவார், ஒரு திகதி சொல்லப்படும், அவ்வளவுதான், அடுத்த பெயர். ஓடி வந்தவருக்கு மூச்சு அடங்குமுன் அவருடைய வழக்கு அன்றைக்கு முடிந்துவிடும். வராதவருக்குப் பிடியாணை.

நாங்கள் அதுவரை படித்ததெல்லாம் மேன்முறையீட்டுத் தீர்ப்புகள். அவற்றில் நடந்த சம்பவம் முதல் பக்கத்திலேயே நாலு வரியில் அடங்கிவிடும், மீதி முழுக்கச் சட்டம்தான். அந்த நாலு வரி எப்படி உண்டாகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் வாரம் மாவட்ட நீதிமன்றத்தில் அதைப் பார்த்தேன். எல்லைத் தகராறு ஒன்று, சாட்சிக்கூண்டில் வயதான ஓர் அம்மா. நீதிபதி கையால் எழுதிக்கொண்டிருந்தார், ஆகவே அம்மா ஒரு வசனம் சொல்லிவிட்டு, பேனா நிற்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்ல வேண்டும். அவவுக்கு அது பிடிபடவில்லை. கதையைத் தொடங்கியவுடன் வேகம் வந்துவிடும், உடனே நிறுத்துவார்கள், திரும்பத் தொடங்கும்போது பாதி மறந்திருக்கும். “பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னா...” என்று தொடங்கினாலோ எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பிவிடுவார், அது கேள்விச் சாட்சியம், நேரே காணாமல் பிறர் சொல்லக் கேட்டது என்று. தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூப்பிட்டுவிட்டு ஏன் சொல்லவிடுகிறார்கள் இல்லை என்ற குழப்பம் அவவின் முகத்தில் அப்படியே தெரிந்தது.

குறுக்கு விசாரணையின் முடிவில் அந்தச் சட்டத்தரணி நிதானமாகச் சொன்னார், “அம்மா, நான் சொல்லுகிறேன், அன்றைக்கு நீங்கள் அந்த இடத்தில் இருக்கவேயில்லை.” அம்மா கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்து, “என்னைப் பொய்க்காரி என்கிறாரா, ஐயா?” என்று கேட்டா. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. அன்றிரவு நூலகத்தில் பிரவுண் எதிர் டன் வழக்கை எடுத்துப் படித்தேன், பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் 1893ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒரு சாட்சியை நம்ப வேண்டாம் என்று பின்னால் நீதிமன்றத்திடம் சொல்லப் போகிறாய் என்றால், அதை முதலில் சாட்சியின் முகத்துக்கு நேரே சொல்லி, விளக்கம் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்பதுதான் அதன் சாரம். அந்தச் சட்டத்தரணி செய்தது அம்மாவுக்குச் செய்யவேண்டிய நியாயம். ஆனால் அது நியாயம் என்று அவவுக்கு யார் சொன்னார்கள்?

மூன்றாவது வாரத்தில் நடந்தது இது. வெள்ளைச் சேலையும் கையில் கோப்புமாகத் தாழ்வாரத்தில் நின்றேன். கூண்டிலிருந்து இறங்கி வந்த ஒருவர், என் அப்பாவின் வயது இருக்கும், நேரே என்னிடம் வந்து, “பிள்ளை, ஐயா என்ன சொன்னவர்?” என்றார். உள்ளே அவர் நின்ற நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது, பேசியதெல்லாம் சட்டத்தரணியும் நீதவானும்தான், அந்தச் சட்டத்தரணி அடுத்த வழக்குக்காக உள்ளேயே நின்றுவிட்டார். பிணை கிடைத்ததா, குற்றவாளியாகிவிட்டாரா, வீட்டுக்குப் போகலாமா என்று ஒன்றுமே அவருக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய் எழுதுவினைஞரிடம் கேட்டு வந்தேன். தவணைதான், ஒரு மாதம் கழித்துத் திகதி. அதைச் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார், எழுதித் தரும்படி. அதில் ஏற்கனவே நாலைந்து திகதிகள் இருந்தன, ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்தில்.

நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று சட்டம் படித்த எவரும் சொல்லுவார்கள். 1923இல் இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் ஹியூவர்ட் பிரபு சொன்னது. அதுவும் இப்படியொரு சின்ன நீதிமன்றத்து வழக்குத்தான்: மக்கார்த்தி என்ற மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் வழக்கில், நீதவான்கள் தீர்மானிக்க உள்ளறைக்குப் போனபோது கூடவே போன எழுதுவினைஞர், அதே விபத்துக்காக மற்றத் தரப்புக்கு நட்டஈடு கேட்டுக்கொண்டிருந்த சட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் வாயே திறக்கவில்லை, ஆனாலும் தீர்ப்பு இரத்தானது. பரீட்சையில் இந்த வழக்கை எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்தக் கடதாசியைக் கையில் வாங்கியபோதுதான், கண்ணுக்குத் தெரிவது யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வி எனக்கு வந்தது.

இப்போது நானும் வழக்குப் பேசுகிறேன். வெளியே வந்ததும் கட்சிக்காரரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, “உள்ளே என்ன நடந்தது, எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்பேன். சொல்லத் தெரியாமல் நின்றால் முதலிலிருந்து திரும்பச் சொல்லுவேன். அடுத்த வழக்கு கூப்பிட்டுவிடுவார்கள் என்று கனிஷ்ட சட்டத்தரணி வாசலில் நின்று கையைக் காட்டுவார். திகதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.