லீக்டன்ஸ்டைன் வம்சாவளி: சார்ட் தாளில் இதுவரை

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலுள்ள குட்டி நாடான லீக்டன்ஸ்டைனை ஆண்ட இளவரசர்களின் பெயர்களெல்லாம் மையேறிவிட்டன. பெண்வழிக் கோடுகள் மட்டும் இன்னும் பென்சிலில் நிற்கின்றன. ஆட்சியில் இருந்தபோது நாட்டுக்கு வந்தவர்களுக்குப் பச்சைக் கட்டம், வராதவர்களுக்குச் சாம்பல் நிறக் கட்டம் என்று பிரித்திருக்கிறேன். தாளின் மேல்பாதி முழுக்கச் சாம்பல்தான்.

இதில் வியப்பில்லை. வியன்னா அருகே உள்ள ஒரு கோட்டையின் பெயரைச் சூடிய இந்தக் குடும்பத்துக்கு 1608லேயே இளவரசர் பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் புனித ரோமப் பேரரசின் மன்றத்தில் இருக்கை வேண்டுமானால், பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் கையில் இருக்க வேண்டும். இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் எத்தனை பண்ணைகள் இருந்தும் பயனில்லை. கடனில் மூழ்கியிருந்த ஹோஹெனெம்ஸ் பிரபுக்களிடமிருந்து இக்குடும்பத்து இளவரசர் ஹான்ஸ் ஆடம் 1699இல் ஷெல்லன்பர்கை 1,15,000 கில்டருக்கும், 1712இல் வாடுஸை 2,90,000 கில்டருக்கும் வாங்கினார். 1719 ஜனவரி 23 அன்று பேரரசர் ஆறாம் சார்லஸ் இரண்டையும் சேர்த்துச் சிற்றரசாக உயர்த்தினார். ஆல்ப்ஸ் மலையடிவார மக்கள் ஓர் இருக்கைக்கான விலையாக வந்து சேர்ந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதிக நேரம் தின்றவர் யோசஃப் வென்செல். ஹான்ஸ் ஆடம் மகனின்றி இறந்தபோது, அந்த இரண்டு நிலங்களையும் உயிலில் இவருக்கே விட்டுச் சென்றார். இவரோ அவற்றைப் பெரியப்பா ஆன்டன் ஃப்ளோரியனுக்குக் கைமாற்றிக் கொடுத்தார். பிறகு ஃப்ளோரியனின் பேரன், சிறுவனாயிருந்த யோஹான் நெபோமுக்கின் காப்பாளராக நாட்டைக் கவனித்தார். 1748இல் அந்தக் கிளையும் பட்டுப்போக, மீண்டும் இவரே இளவரசர். ஒரே ஆளுக்கு மூன்று கட்டங்கள் வரைந்து, புள்ளிக்கோட்டால் இணைத்திருக்கிறேன்.

முதலாம் யோஹானின் கட்டம் இன்னொரு விதம். 1806இல் நெப்போலியன் இந்த நாட்டைத் தன் ஆதரவு ஜெர்மன் அரசுகளின் அணியான ரைன் கூட்டமைப்பில் சேர்த்துவிட்டார். யோஹானோ நெப்போலியனை எதிர்த்த ஆஸ்திரியப் படையில் தளபதி. சங்கடம் தீரச் சின்ன மகன் கார்லின் பெயருக்கு ஆட்சியை மாற்றினார்கள். கார்லுக்குச் சுற்றுக்கோடு மட்டும், உள்ளே வண்ணம் இல்லை.

முதல் பச்சை 1842இல் வந்த இரண்டாம் அலாய்ஸுக்கு. அவர் மகன் இரண்டாம் யோஹான் 1858 முதல் 1929 வரை ஆண்டார், மணம் செய்யவே இல்லை. தம்பி ஃபிரான்ஸ் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்து, அவருக்கும் பிள்ளையில்லை. 1938இல் பங்காளி வழியில் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசஃப் வந்து, வாடுஸிலேயே குடியேறினார். அப்படிக் குடியேறிய முதல் இளவரசர் அவர்தான்.

இவரை எங்கே தொங்கவிடுவது என்பதுதான் இப்போதைய சிக்கல். இவருடைய தாத்தா ஆல்ஃபிரட், தன் பெரியப்பாவான இரண்டாம் அலாய்ஸின் மகள் ஹென்ரியட்டை மணந்தவர். (நம் முறைப்படி தங்கை. அங்கே அந்தத் தடை இல்லை.) ஆகவே இரண்டு கோடுகள் ஒரே கட்டத்தில் வந்து முட்டுகின்றன. ஆண்வழியைத் தடித்த கோடாகவும், ஹென்ரியட் வழியை மெல்லிய சிவப்பாகவும் இழுத்துப் பார்த்தேன், பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது. அதையே மையில் ஏற்றப் போகிறேன்.

அடுத்ததாக வலது ஓரத்தில் ஒரு சிறு வரைபடம் வர வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா பறிமுதல் செய்த சொத்துகள் அதில் இடம்பெறும். வால்டிட்சே, லெட்னிட்சே மாளிகைகளை முதலில் குறிப்பேன்.