டியர்டிராப்பும் தோசைக்கல்லும்

போன மே மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் நகரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மனைவி கேட்டாள்: "என்னங்க, பின்னாடி என்னமோ வாலாட்டுற மாதிரி இருக்கே?"

கண்ணாடியில் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்து நான் செய்த ட்ரெய்லர், ஐ-96 நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வந்தது. அப்போது வேகம் 60 மைல். நல்லவேளை, பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மட்டும் எடுத்தேன். 50க்கு இறங்கியதும் அடங்கியது. எனக்குக் கை நடுக்கம் அடங்க இன்னும் பத்து மைல் ஆனது.

காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துத் தூங்கும் இந்தச் சின்ன வண்டிக்கு டியர்டிராப், அதாவது கண்ணீர்த்துளி, என்று பெயர். பக்கவாட்டில் பார்த்தால், படுத்துக் கிடக்கும் துளியில் பாதி போலிருக்கும். 1930களில் இருந்தே அமெரிக்கர்கள் இதை வீட்டில் செய்துகொள்கிறார்கள். என்னுடையது நாலடிக்கு எட்டடி. இங்கே பிளைவுட் பலகை அந்த அளவில்தான் வருகிறது என்பதால், ஒரு பக்கச் சுவருக்கு ஒரே பலகை போதும், ஒட்டுப் போட வேண்டாம். உள்ளே மெத்தை மட்டும்தான், நிற்க முடியாது. சமையலறை வண்டியின் பின்புறம். மூடியைத் தூக்கினால் அதுவே கூரை, நாம் வெளியே நின்று சமைக்க வேண்டும்.

அந்த மூடிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. வளைந்த சட்டங்களின்மேல் மெல்லிய பிளைவுட்டை ஈரத்துணி போட்டு வளைத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு இரண்டு நாள் விட்டேன். கிளாம்பைக் கழற்றியதும் பலகை பழைய நினைப்பு வந்ததுபோல் நிமிர்ந்துகொண்டது. கீழே முக்கால் அங்குல இடைவெளி! சட்டங்களை இன்னும் கூடுதல் வளைவோடு மறுபடி அறுக்க வேண்டியிருந்தது. மொத்த வேலையில் பாதி நாள் இந்த மூடிக்கே போனது என்றால் மிகையில்லை. மற்றபடி சுவர், தரை எல்லாம் சுலபம். கூரையில் ஒரு மின்விசிறி வைத்தேன். அது இல்லாவிட்டால், இரண்டு பேர் விடும் மூச்சே விடிவதற்குள் சுவரில் தண்ணீராக வழியும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். அடுத்த எக்ஸிட்டில் நிறுத்திப் பின்மூடியைத் திறந்தேன். ஐந்து கேலன் தண்ணீர், மாவும் ஐஸும் நிறைந்த கூல்பாக்ஸ், குக்கர், இரும்பு தோசைக்கல். "இந்தக் கல்லை யாரு எடுத்துட்டு வரச் சொன்னா?" என்று ஆரம்பித்தேன். அவள் பதில் சொல்லாமல் மூலையில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். அதை அங்கே வைத்தது நான்தான். வயர் நீளம் மிச்சமாகுமே என்று.

தண்ணீரையும் கூல்பாக்ஸையும் மெத்தைமேல் ஏற்றிக்கொண்டு, நாங்கள் போகவேண்டிய லடிங்டன் ஊர் வரை வலது ஓரத்திலேயே 50இல் ஊர்ந்து போனோம்.

வீடு திரும்பியதும் எல்லாச் சாமானையும் பழைய இடத்திலேயே வைத்து, ட்ரெய்லரைக் காரில் மாட்டும் கொக்கி முனைக்கடியில் குளியலறை எடைமெஷினை வைத்துப் பார்த்தேன். 62 பவுண்டு. லாரி எடைமேடையில் மொத்தம் 1,080. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முனையில் அழுந்த வேண்டும். எனக்கு ஆறுகூட இல்லை. சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முனை கிணற்று ஏற்றம்போல் மேலே எழும்பும், காரை அது அழுத்திப் பிடிக்காது, வால் ஆடும். எஞ்சினியர் என்று பெயர், இதைச் சாலையில் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

ஐம்பது பவுண்டு பேட்டரியை மட்டும் முன்னால் கொக்கிக் கம்பிமேல் ஒரு பெட்டியில் மாற்றினேன். எடைமெஷின் 124 காட்டியது. அதற்காகப் புதிதாக இழுத்த வயர் பதினான்கு அடி.

ஜூலையில் மறுபடி லடிங்டன் போனோம். 60இல் போயும் வால் அசையவில்லை. தோசைக்கல் பின்னாலேயே இருந்தது. அதன் எடை ஆறு பவுண்டுதான். இரவு மழை பிடித்தது. மூடியின் கீல் ஓரத்தில் மட்டும் ஒழுகுகிறது. இப்போதைக்கு அங்கே ஒரு டம்ளர் வைத்திருக்கிறோம்.