தண்ணீர் காட்டிய வாட்டம்: கொல்லைப்புறத்தில் ஒரு பனித்தளம்

எங்கள் கொல்லைப்புறம் கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். நாற்காலி போட்டால் ஆடாது. பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அந்த நம்பிக்கையில், குளிரில் தண்ணீர் உறைந்து பனித்தளமானால் பிள்ளைகள் இருவரும் அதன் மேல் ஸ்கேட்டிங் பழகலாம் என்று, 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமுமாகச் சுற்றிலும் பலகைகளை நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் தரையின் குணம் வெளிப்பட்டுவிட்டது. வேலியோரம் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்க, வீட்டை ஒட்டிய கடைசி நான்கு மீட்டர் விரிப்பு நனையாமலே கிடந்தது. அளந்து பார்த்தால் இரு முனைகளுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் வாட்டம். யோசித்துப் பார்த்தால் அது இருக்க வேண்டிய வாட்டம்தான். மழைநீர் சுவரோரம் தேங்கக்கூடாது என்பதற்காக, வீடு கட்டுகிறவர்கள் தரையை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரித்தேதான் விடுவார்கள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டுப் பக்கமும் போதிய ஆழம் வரட்டும் என்று விடாப்பிடியாக நிரப்பிக்கொண்டே இருந்தேன். 12,000 லிட்டருக்கும் மேல் போன பிறகு, இரவு பத்தரை மணிக்குக் குழாயை மூடிவிட்டுப் படுக்கப் போனேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது வேலியோரப் பலகை மல்லாந்து கிடந்தது. தண்ணீர் முழுவதும் வேலிக்கடியில் புகுந்து பக்கத்து வீட்டாரின் புல்தரையில் பரவி, கண்ணாடி போல மெல்லிய தகடாக உறைந்திருந்தது. குறை சொல்ல முடியாத பனித்தளம்தான்; இடம்தான் மாறிவிட்டது. அவர் பெருந்தன்மையானவர். வாசல் படியில் பனி உருக உப்பைத் தூவிக்கொண்டே, அடுத்த ஆண்டு எந்தப் பக்கம் கட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பலகை ஏன் விழுந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட ஆரம்பித்தது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது என்பது பள்ளிப் பாடம். அந்த விரிவுதான் பலகையைத் தள்ளிவிட்டது என்று முதலில் நானும் எண்ணினேன். ஆனால் அன்றிரவு மேற்பரப்பில் ஒரு படலம்கூடச் சரியாகக் கட்டியிருக்கவில்லை. தள்ளியது வெறும் தண்ணீரே. 25 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர், பலகையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 31 கிலோ எடைக்கு நிகரான விசையோடு நெட்டித் தள்ளும். 6 மீட்டர் பலகைக்கு அது 190 கிலோவை நெருங்கிவிடும். அதே தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் மீட்டருக்கு வெறும் 5 கிலோதான். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிட்டு, நான்கு ஆணிகளையும் இரண்டு செங்கற்களையும் நம்பியவன் நான்.

இரண்டாம் ஆண்டு வேலையை இலையுதிர் காலத்திலேயே தொடங்கினேன். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் டியூப் லெவல் ஒன்றை வாங்கி வந்தேன். ஒளி ஊடுருவும் நீளமான குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். அதன் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும் என்பதால், முளைகளில் அந்த மட்டத்தைக் குறித்து, நூல் கட்டி, நூலிலிருந்து தரைவரை மீட்டருக்கு மீட்டர் அளந்தேன். ரசமட்டம் சிறு தூரத்துக்கு உதவும். பன்னிரண்டு மீட்டருக்கு அதை நகர்த்தி நகர்த்தி வைத்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

மண் அடித்து மேடாக்குவதா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, என் மனைவி காகிதத்தில் நான் வரைந்திருந்த செவ்வகத்தை விரலால் கால் வட்டம் திருப்பி வைத்தார். நீளப் பக்கம் வேலிக்கு இணையாக வந்தால், சரிவின் திசையில் 6 மீட்டர்தான் மிஞ்சும். வாட்டமும் ஏழரை சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். மிகக் குறைந்த இடத்தில் 10 சென்டிமீட்டர் வைத்தால் மிக ஆழமான இடத்தில் பதினேழரை. மொத்தத் தண்ணீரும் 12,600 லிட்டரிலிருந்து 9,900 லிட்டராகக் குறைகிறது. பலகையின் மேல் விழும் விசையோ மீட்டருக்கு 15 கிலோவாகப் பாதியாகிறது. வேலியோரத்துக்கு வரும் மொத்தச் சுமை ஏறத்தாழ அதேதான் என்றாலும், அதைப் பங்கிட்டுக்கொள்ள இப்போது இருமடங்கு நீளப் பலகையும் இருமடங்கு முளைகளும் இருக்கின்றன. ஒரு பிடி மண்ணைக்கூட நகர்த்தாமல் கிடைத்த தீர்வு இது.

முளைகளைத் தரை உறைவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். உறைந்த மண்ணில் சம்மட்டி துள்ளித் திரும்புமே தவிர, முளை இறங்காது. அடிப்பதற்கு முன், அந்த இடத்தில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ புதைந்திருக்கிறதா என்று உரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது கட்டாயம். கழிவுநீர்த் தொட்டியும் அதன் வடிகால் பரப்பும் இருக்கும் இடத்தை அறவே தவிர்த்துவிட வேண்டும். முளைகள் பலகைக்கு வெளிப்புறமாக, மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கட்டும். ஆழமான பக்கத்தில் ஒவ்வொரு முளைக்கும் சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிறம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கறுப்போ நீலமோ வெயிலை உறிஞ்சி, பனிக்கட்டியை அடியிலிருந்தே கரைக்கும். 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஒட்டில்லாத ஒரே துண்டு போதும். அதை இழுத்துக் கட்டாமல், பலகையின் அடிமூலை வரை தொய்வாக விட வேண்டும். இறுக்கமாக இருந்தால் தண்ணீரின் பாரம் அதை மூலையில் கிழித்துவிடும். நிரப்புவதற்கு முந்தைய நாள் விரித்தால் போதும். ஒரு வாரம் முன்னதாக விரித்துவைத்தால் காற்றும் சருகும் பூனைகளும் தத்தம் வேலையைக் காட்டிவிடும். விரிப்பின் மேல் காலுறையோடு நடப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நிரப்பும் நாளை வானிலை அறிக்கைதான் தீர்மானிக்கிறது. மூன்று நாள்களாவது தொடர்ந்து, பகலிலும் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிக்கு மேல் ஏறாது என்று தெரிந்த பிறகே குழாயைத் திறக்கிறேன். எங்கள் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் தருவதால், நிரம்புவதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விரிப்புப் போட்ட தளத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிட வேண்டும். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று ஊற்றினால் அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கி, மேலே ஓடு போன்ற ஒரு படலம் நின்று, முதல் நாளே காலடியில் நொறுங்கும். உறைகிற வரையில் அது ஒரு குளம் என்பதையும் மறக்கக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து என்பதால், கொல்லைக் கதவைத் தாழிட்டே வைத்திருந்தோம்.

அதன் பிறகு காத்திருப்பது. இதுதான் எனக்கு மிகவும் கடினமான பகுதி. பூஜ்ய டிகிரியை எட்டிய தண்ணீர், பனிக்கட்டியாக மாறுவதற்கு ஒவ்வொரு கிலோவுக்கும் 334 கிலோஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். 80 டிகிரி வெந்நீரைப் பூஜ்யம் வரை ஆற வைப்பதற்கு இணையானது அது. பத்தாயிரம் லிட்டரும் அப்படி ஆற வேண்டும். அதுவும் மேலிருந்து கீழாக, ஏற்கெனவே உறைந்த பகுதியே அடுத்த பகுதிக்குப் போர்வையாகிவிடும் நிலையில். நடுவில் பனி பெய்தால் போர்வை இன்னும் தடித்துவிடும். பனியை அள்ளலாம் என்றால் கட்டி இன்னும் ஆள் தாங்காது.

மகள் தினமும் காலையில் சன்னலோரம் நின்று, "அப்பா, இன்னிக்கா?" என்பாள். நான்காம் நாள் என்னாலேயே பொறுக்க முடியாமல், ஓரத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்தேன். களுக்கென்று ஓர் ஓசை. காலணி கணுக்கால்வரை உள்ளே போய் வந்தது. பொங்கி மேலே வந்த தண்ணீர் அன்றிரவே உறைந்து, காலணியின் அடிப்பாகத்து வரிகளோடு ஒரு குழியை அப்படியே பதித்துவைத்துவிட்டது. மேலே எத்தனை முறை தண்ணீர் பூசியும் ஜனவரி பாதிவரை அது மறையவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மகள் அதைத்தான் முதலில் காட்டினாள். இப்போது பதம் பார்ப்பது துளைக் கருவியால்தான்: மெல்லிய துளையிட்டு, அதில் கம்பியை விட்டு அளந்து, 10 சென்டிமீட்டர் கட்டி இருந்தால் மட்டுமே எவரும் இறங்கலாம்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் பனி அள்ளுவதும் தண்ணீர் பூசுவதும்தான். பெய்த பனியை அன்றே அகற்றிவிட வேண்டும். விட்டால் பகல் வெயிலில் இளகி, இரவில் சொரசொரப்பாக ஒட்டிக்கொள்ளும். அள்ளிய பனியைப் பலகைக்கு வெளியே குவித்துவிடுகிறேன். அது முட்டுக் கொடுத்தது போலவும் ஆகிறது. ஸ்கேட் கத்திகள் கீறிய தளத்துக்கு இரவில் வெந்நீர் பூசுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஆங்கில T எழுத்தின் வடிவில் இணைத்த பிளாஸ்டிக் குழாயின் கிடைப்பகுதியில் வரிசையாகத் துளைகள் இட்டு, அதன் பின்னால் ஒரு பழைய துண்டைக் கட்டி, மேல்முனையில் 20 லிட்டர் வாளியைப் பொருத்தியிருக்கிறேன். பின்னோக்கி நடந்து இழுத்துக்கொண்டே போனால், ஈரத்துண்டு தண்ணீரைச் சீராகத் தடவிவிடும். ஒரு வாளி, தளம் முழுவதற்கும் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பூச்சைத் தருகிறது. வெந்நீர் மேற்பரப்பைச் சிறிது உருக்கிப் பழைய கட்டியோடு ஒன்றிவிடும் என்பதாலும், அதில் கரைந்திருக்கும் காற்று குறைவு என்பதாலும், பூச்சு தெளிவாகவும் உறுதியாகவும் அமைகிறது. ஃபிராங்க் ஸாம்போனி 1949இல் கலிபோர்னியாவின் பாரமவுண்ட் நகரில் உருவாக்கிய பெரிய இயந்திரத்துக்கும் என் வாளிக்கும் இந்த விஷயத்தில் ஒரே தத்துவம்தான்; அந்த இயந்திரம் கூடுதலாகத் தளத்தைச் சீவி, கழுவியும் விடுகிறது. வேலை முடிந்ததும் ரப்பர் குழாயை வடித்து உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். வெளிக் குழாய்க்கான வால்வை வீட்டுக்குள்ளேயே மூடி, மிச்சத் தண்ணீரை வெளியே வடிய விடுவதும் அதே அளவு முக்கியம்.

திடீரென்று குளிர் கூடும் இரவுகளில், பனிக்கட்டி சுருங்குவதால் தளம் நெடுக விரிசல் ஓடும். உள்ளே படுத்திருந்தாலும் கேட்கும் அளவுக்குச் சத்தம் வரும். தண்ணீரில் குழைத்த பனியைச் சாந்து போல் அந்த விரிசல்களில் அப்பி, கரண்டியால் வழித்துவிடுவேன். வெயில்தான் பெரிய பகை. குளிர்காலச் சூரியன் வடகோளத்தில் தெற்கே தாழ்ந்து நகர்வதால், வீட்டின் வடக்குப் புறம் அமைந்த எங்கள் தளத்துக்கு நிழல் உண்டு. ஆனாலும் தெற்கு நோக்கி நிற்கும் வேலியோரப் பலகை வெயிலில் சூடேறி, அதை ஒட்டி விரலளவு இடைவெளிக்கு எப்போதும் கட்டி முதலில் இளகுகிறது. ஒரு காய்ந்த இலை போதும். அது வெயிலை உறிஞ்சி, தன் வடிவத்திலேயே கட்டியில் குழி பறித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

விரிப்பே இல்லாமல், மிதித்து இறுக்கிய பனியின் மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தளம் எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் வால்டர் கிரெட்ஸ்கி புல்தரைக்கான தெளிப்பானைக் கொண்டுதான் வீட்டுத் தளத்தை அமைத்தார். பின்னாளில் ஐஸ் ஹாக்கியில் பெரும் புகழ்பெற்ற அவருடைய மகன் வெய்ன் அந்த விளையாட்டைப் பழகியது அங்கேதான். குளிர் உறுதியாக நிலைக்கும் இடத்துக்கு அது பொருந்தும். உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி வரும் இடத்தில், தண்ணீரைத் தாங்கிப் பிடிக்க விரிப்பு வேண்டும் என்பதே என் கட்சி. குளிர்காலங்கள் எப்படி மாறிவருகின்றன என்பதை அறிய, அதே நாட்டின் வில்ஃபிரிட் லாரியர் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2013இல் ரிங்க்வாட்ச் என்ற திட்டத்தைத் தொடங்கி, இத்தகைய தளங்களின் சொந்தக்காரர்களிடமே எந்த நாளில் சறுக்க முடிந்தது என்ற குறிப்பைக் கேட்டார்கள். அதைப் படித்த பிறகு நானும் நாள்காட்டியில் வட்டமிடத் தொடங்கினேன்: இரண்டாம் ஆண்டு 28 நாள்கள், சென்ற ஆண்டு 41.

பிள்ளைகள் பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைக்கவசம் கட்டாயம், முழங்காலை மடக்கி நில் என்பதைத் தவிர வேறெந்த அறிவுரையும் அவர்கள் காதில் ஏறவில்லை. மகன் ஒரு பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு வாரம் சுற்றினான். பிறகு நாற்காலியில் தங்கை உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச்சில் கட்டி இளகத் தொடங்கியதும், விரிப்பைக் கண்ட இடத்தில் கிழித்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தண்ணீரைச் சிறிய குழாய் வழியே தாழ்வான மூலையிலிருந்து வடிகாலுக்கு மெல்ல இறக்கிவிட்டு, விரிப்பை உடனே எடுத்துவிடுகிறேன். தாமதித்தால் அடியில் புல் அழுகும். பலகைகளுக்குப் பின்னால் எண் எழுதி அடுக்கிவைத்தாயிற்று. புல்தரையில் 12க்கு 6 என்ற அளவில் ஒரு மஞ்சள் செவ்வகம் மே மாதம் வரை தெரியும். முளைகளைப் பிடுங்கிய குழிகளுக்கு மட்டும் மரக்கட்டைகளைச் செதுக்கி அடைத்து, புல்வெட்டும் இயந்திரம் மோதாமலிருக்கத் தலையைத் தரைக்குச் சமமாக அறுத்துச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அவற்றை உருவினால் முளைகள் அதே குழிகளில் இறங்கிவிடும். மறுபடியும் நூல் பிடிக்க வேண்டியதில்லை.